சாஜன் ஜீப்பை உயர்த்தினான்

சாஜனுக்கு டயாலிசிஸ் மெஷின்களோடு வேலை. அவன் கம்பெனி விற்ற மெஷின் எந்த ஆஸ்பத்திரியில் நின்றுபோனாலும் அவனுக்குத்தான் போன் வரும். பாதி நாள் முலுண்ட், சயான், மாட்டுங்கா என்று பம்பாய்க்குள்ளேயே ஓடுவான். மீதி நாள் முர்பாட், ஜவ்ஹார் பக்கம் மலையடிவாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளுக்குப் போவான். மழைக்காலத்தில் அந்தப் பக்கத்துச் சாலைகள் சாலைகளாகவே இருக்காது. அதற்காகத்தான் பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்றை வாங்கினான். வாங்கிய பிறகு எல்லாவற்றுக்கும் அதுவே ஆனது. சர்ச்சுக்கும் அது, செம்பூர் மார்க்கெட்டில் மீன் வாங்கவும் அது.

அவன் மனைவி ரீனா பாண்டுப்பில் பிறந்து வளர்ந்தவள், பள்ளிக்கூட டீச்சர். சின்னதாக ஒரு கார் வாங்கியிருக்கலாம் என்று அவ்வப்போது சொல்வாள். அம்மா அன்னமேரிக்கு வண்டியைப் பற்றிக் கருத்து எதுவும் கிடையாது. அப்பா இன்னாசிமுத்துதான் ஜீப்பின் கட்சி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இளவயதில் பம்பாய்க்கு வந்து, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். காரில் உட்கார்ந்தால் குழிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பார். சாஜன் வெளியூர் போகும் நாட்களில் காலையிலேயே சட்டை போட்டுக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவார். மகன் மெஷினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டு யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார்.

போன வருஷம் ஜூலையில் ஒரு மதியம், சாப்பிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். வெளியே இரண்டு நாளாக விடாத மழை. ஆம்புலன்சுக்குப் போன் போட்டால், எல்லா வண்டியும் வழியில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றார்கள். சாஜன் அப்பாவைத் தூக்கி ஜீப்பின் பின்சீட்டில் படுக்க வைத்தான். அம்மா ஏறி அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

சயான் வரைக்கும் எப்படியோ வந்துவிட்டார்கள். அங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் பக்கம் முழுக்க வண்டிகள் அடைத்து நின்றன. அப்பாவை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் மாட்டுங்காவில் இருந்தார், நேர் சாலை காலியாக இருந்தது. சாஜன் நேராகவே விட்டான். வழியில் துணிக்கடைகள் இருக்கும் காந்தி மார்க்கெட்டை நெருங்கியபோது சாலை முழுக்கத் தண்ணீர். முன்னால் ஒரு பஸ் மெல்லக் கடந்து போனதைப் பார்த்து அவனும் இறங்கினான். பாதி தூரத்தில் தண்ணீர் பானட் வரை ஏறியது. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

அவன் கதவைத் தள்ளித் திறந்து இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று வண்டியைத் தள்ளினான். கடைக்காரர்கள் சிலர் வந்து கைகொடுத்தார்கள். வண்டி அசையவில்லை. கடைசியில், துணி மூட்டை ஏற்றும் கைவண்டி ஒன்றைக் கொண்டுவந்து அப்பாவை அதில் கிடத்தி, ஒரு பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, தண்ணீரைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனார்கள். டாக்டர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. வரும்போதே முடிந்துவிட்டது என்றார்.

அடக்கத்தன்று சாஜன் அழவில்லை. செய்ய வேண்டியவை இருந்தன, செய்தான். சர்ச்சில் ஏற்பாடுகளைப் பேசினான், ஊரிலிருந்து வந்தவர்களை ஸ்டேஷனில் போய் அழைத்து வந்தான், திரும்ப ஏற்றிவிட்டான். எல்லோரும் போன பிறகு அழுகை வரும் என்று நினைத்தான், வரவில்லை. மறு வாரமே வேலைக்குப் போனான். அதன் பிறகு வந்த மாதங்களில் அவனுக்குப் பெரிய துக்கம் என்று எதுவும் தெரியவில்லை. ரீனா எது சமைத்தாலும் நன்றாக இருக்கிறது என்றான். கிறிஸ்துமஸ் வந்தது, ஸ்டார் கட்டினான். யாராவது தோளில் கை வைத்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், நன்றாக இருக்கிறேன் என்றான். பொய் சொல்வதாகக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

ஜீப்பின் எஞ்சினைப் பிரித்துக் காயவைத்து ஓடவைத்தாகிவிட்டது. அதே சாலையில் அதே வண்டியில் வாரம் மூன்று நான்கு முறையாவது போய்வந்தான். காந்தி மார்க்கெட் சிக்னல் அவனுக்கு மற்ற சிக்னல்களைப் போலவே இருந்தது. முன்சீட்டில் டூல்ஸ் பையை வைக்க ஆரம்பித்திருந்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள் அந்த சிக்னலில் நின்றபோது, ஜீப்பை உயர்த்த வேண்டும் என்று முடிவு செய்தான். அப்படி ஒரு எண்ணம் அவனுக்கு முன்பு இருந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைப்பக்கம் ஜீப் ஓட்டப் போகும் ஒரு கூட்டம் அவனுக்குப் பழக்கம். பெரிய டயர் போடு, ஸ்பிரிங்கை மாற்றி மேலே தூக்கு என்று அவர்கள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தினமும் ஆபீசுக்கு ஓட்டுகிற வண்டியை அப்படிச் செய்தால் பிரேக் மந்தமாகும், பெட்ரோல் குடிக்கும், வளைவில் சாயும் என்று காரணங்களை அடுக்கி மறுத்தவன் அவன்தான். அந்தக் காரணங்கள் இப்போதும் அவனுக்கு ஞாபகம் இருந்தன. ஆனாலும் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

தாராவியில், நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் கலீலுல்லாவின் பட்டறை இருந்தது. மேலப்பாளையத்துக்காரர். லாரிக்கும் டெம்போவுக்கும் ஸ்பிரிங்காக இருக்கும் கமான் பட்டைகளை அடுக்குவதுதான் அவர் தொழில். ஜீப்புக்காரர்கள் வந்தால் அவர்களுக்கும் செய்து கொடுப்பார். சாஜன் என்ன வேண்டும் என்று சொன்னதும் கீழே குனிந்து ஒரு சுற்றுப் பார்த்தார். நாலு பக்கமும் புதுப் பட்டை போட வேண்டும், நீளமான ஷாக் அப்சார்பர் வேண்டும், பிரேக் ஹோஸ்களை நீட்ட வேண்டும், டயர் முழுசாகத் திரும்பினால் மட்கார்டில் உரசும், கொஞ்சம் வெட்ட வேண்டிவரும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு துணியில் கை துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தண்ணிக்காவா தம்பி ஏத்துதிய?"

"ஆமா பாய்."

"பட்டையும் டயரும் சேர்ந்தா நாலு அங்குலம் ஏறும். அதுக்கு மேல தண்ணி வந்தா வந்ததுதான்."

"தெரியும்."

உண்மையில் அவனுக்கு நன்றாகவே தெரியும். எஞ்சின் காற்றை இழுக்கும் வாயை மேலே கொண்டுபோகாமல் வண்டியை மட்டும் தூக்குவதில் பெரிய லாபம் இல்லை என்பதும் தெரியும். அதனால் காற்றுக் குழாயையும் பானட் ஓரமாகக் கூரை உயரத்துக்கு ஏற்றிவிடச் சொன்னான். கலீலுல்லா அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். காந்தி மார்க்கெட்டில் நடந்த சேதி அந்தச் சந்து வரைக்கும் வந்திருக்கும். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்த டீயில் இன்னொரு கிளாஸ் ஊற்றச் சொன்னார்.

வேலை நடந்த நாட்களில் சாஜன் லீவு போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, சக்கரங்களைக் கழற்றி, கட்டைகளின் மேல் நிறுத்தினார்கள். பழைய பட்டைகள் துருப்பிடித்து, வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தன. சம்மட்டி அடி சந்து முழுக்கக் கேட்டது. பட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தபோது அவற்றின் இடுக்குகளிலிருந்து காய்ந்த சேறு உதிர்ந்தது. போன ஜூலையின் சேறாக இருக்கலாம். சாஜன் அதைப் பார்த்தான். யாரோ தண்ணீர் ஊற்றிப் பெருக்கித் தள்ளினார்கள்.

புது டயர்கள் வந்தபோது சந்திலிருந்த பையன்கள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாம் முடிந்து ஜாக்கியை இறக்கியபோது வண்டி உட்காரவே இல்லை போலத் தெரிந்தது. அவ்வளவு உயரம். கலீலுல்லா ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி உரசுகிறதா என்று பார்த்தார். மெதுவாகவே ஓட்டுங்கள், பழைய வண்டி என்று நினைத்து வளைவில் வீசிவிடாதீர்கள் என்றார். சாஜன் தலையாட்டிவிட்டு ஏறினான். ஏற ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சயான் பாலத்தின் மேல் வரும்போது பக்கத்துக் கார்களின் கூரைகள் தெரிந்தன. டாக்சிக்காரர் ஒருவர் கண்ணாடியை இறக்கி நிமிர்ந்து பார்த்தார். அந்த உயரத்தில் அவனுக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். கியர் கொஞ்சம் கனமாக விழுகிறது என்பது மட்டும்தான் தோன்றியது.

தினசரி ஓட்டத்தில் அந்த வண்டி அவனைப் படுத்தியது. பெரிய டயர் என்பதால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டியது. பிரேக்கை முன்பைவிடச் சீக்கிரம் மிதிக்க வேண்டும். ஹைவேயில் டயர் இரைச்சலில் போன் பேச முடியாது. முலுண்டில் ஒரு மாலின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் நுழையப் போய், மேலே தொங்கிய கம்பியில் காற்றுக் குழாய் இடித்து, பின்னால் நின்ற எல்லா வண்டிகளையும் ரிவர்ஸ் எடுக்க வைத்தான். ரீனா ஒரு முறை ஏறி ஸ்கூலுக்குப் போனாள். மறுநாளிலிருந்து டிரெயினிலேயே போய்க்கொள்வதாகச் சொன்னாள். புடவையோடு அதில் ஏறி இறங்குவது சர்க்கஸ் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவன் எப்போது திரும்பிவருவான் என்று பார்த்துக்கொண்டிருக்கிறவளைப் போலச் சொன்னாள்.

அம்மாவுக்குத்தான் வழியே இல்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பியபோது ஜீப்பின் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள், எட்டவில்லை. சாஜன் வீட்டிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான். அதன்மேல் ஏறவும் அவளுக்குப் பயமாக இருந்தது. நீ போய்யா, நான் ஆட்டோவில் வருகிறேன் என்றாள். அப்படியே வழக்கமாகிவிட்டது. அம்மாவும் ரீனாவும் ஆட்டோவில் முன்னால் போவார்கள். அவன் ஜீப்பில் பின்னால் தனியாகப் போவான்.

ஜூன் கடைசியில் மழை பிடித்தது. ஒரு மதியம் மாட்டுங்காவில் வேலை முடித்துக் கீழே இறங்கியபோது, காந்தி மார்க்கெட்டில் தண்ணீர் ஏறிவிட்டதாக வாட்ச்மேன் சொன்னார். வடாலா பக்கமாகச் சுற்றிப் போய்விடுங்கள் என்றார். சாஜன் சுற்றிப் போகவில்லை.

தண்ணீர் போன வருஷம் நின்ற அளவுக்கே நின்றிருந்தது. கார்கள் ஓரத்தில் ஒதுங்கி நின்றன. அவன் ஃபோர் வீல் லீவரைப் போட்டு, முதல் கியரில் இறங்கினான். தண்ணீர் டயரை மூடியது, கதவில் ஏறியது, பானட்டின் முன்னால் இரண்டாகப் பிரிந்து போனது. எஞ்சின் சத்தம் மாறவே இல்லை. அன்றைக்கு வண்டி நின்ற இடத்தை, துணிக்கடையின் போர்டை வைத்துத்தான் அவனுக்கு அடையாளம் தெரிந்தது. அதைக் கடந்தான். மேட்டில் ஏறி வண்டியை ஓரம் கட்டினான்.

ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். இதற்காகத்தான் இத்தனையும் என்று அவனுக்குத் தெரியும். இப்போது ஏதாவது வரும் என்று காத்திருந்தான். வைப்பர் போய்ப் போய் வந்தது. ஒன்றும் வரவில்லை.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். நனைந்த ஆபீஸ் பையோடு ஒரு பெண், பக்கத்தில் குடை பிடித்தபடி ஒரு வயசாளி. அந்தப் பக்கம் போக வேண்டும், இவரால் தண்ணீரில் நடக்க முடியாது, விட்டுவிட முடியுமா என்று ஹிந்தியில் கேட்டாள். சாஜன் இறங்கிப் பின்கதவைத் திறந்தான். வயசாளிக்கு ஏற முடியவில்லை. அவன் அவரை இடுப்பில் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தான். அவர் மெலிந்த ஆள். அவர் கை இவன் தோளை இறுகப் பிடித்தது, உட்கார்ந்த பிறகும் சற்று நேரம் விடவில்லை. அந்தப் பக்கம் இறக்கிவிட்டதும் இன்னும் சிலர் வந்து நின்றார்கள். அவர்களை இந்தப் பக்கம் கொண்டுவந்தான். பிறகு ஸ்கூல் யூனிஃபார்மில் இரண்டு பிள்ளைகளோடு ஒரு தாய். பிறகு ஒரு நர்ஸ். தண்ணீர் வடிய ஆரம்பிக்கும் வரை இப்படிப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தான். நன்றி சொன்னவர்களிடம் தலையாட்டினான். கடைசியாக ஃபோர் வீல் லீவரை எடுத்துவிட்டுச் செம்பூர் பக்கம் திரும்பினான்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். பேண்ட் தொடை வரை நனைந்திருந்தது. ரீனா துண்டை எடுத்துக் கொடுத்து, எங்கே போயிருந்தாய் என்று கேட்டாள். காந்தி மார்க்கெட்டில் தண்ணீரில் ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னான். வண்டி நிற்கவில்லை என்றும் சொன்னான். ரீனா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். மாலையை மடியில் வைத்தாள்.

"சாஜா, அன்னைக்கு வண்டி நின்னதுனால ஒண்ணும் ஆவல."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"சயான் சிக்னல்லயே முடிஞ்சுட்டு. மடியில தலை கனத்துட்டு. எனக்குத் தெரியும்லா."

"ஏம்மா சொல்லல?"

"நீ வண்டி ஓட்டிட்டு இருந்த. சொன்னா எதுலயாவது போய் முட்டிருவியோன்னு இருந்துச்சு."

"நான் தண்ணிக்குள்ள நின்னு தள்ளும்போது?"

"அப்பவும் தலைய தூக்கிப் புடிச்சுட்டுத்தான் இருந்தேன். தண்ணி பட்றாம."

பிறகாவது ஏன் சொல்லவில்லை என்று ரீனாதான் கேட்டாள். இவன் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை, நானாக எப்படிப் பேச்சை எடுப்பது என்றாள் அம்மா. அவன் வண்டியைத் தூக்கப் போகிறேன் என்ற அன்றைக்கே சொல்லியிருக்கலாம், அவன் கை வேலையில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டு ஜெபமாலையில் விட்ட மணியைத் தேடி எடுத்தாள்.

சாஜன் குளிக்கப் போனான். சுடுதண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்றான். சயான் சிக்னலிலிருந்து காந்தி மார்க்கெட் வரைக்குமான தூரத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். அந்தத் தூரம் முழுக்க அம்மா பின்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். ரியர் வியூ கண்ணாடியில் அவள் முகம் தெரிந்திருக்க வேண்டும். அவன் பார்க்கவில்லை. பாரம் இறங்கியது என்று இதைத்தான் சொல்வார்கள் போலிருக்கிறது. அவனுக்கு எதுவும் இறங்கியதாகவோ ஏறியதாகவோ தெரியவில்லை. அன்றிரவு தூங்கினான். காலையில் மெஷின் ஒன்று அலாரம் அடிக்கிறது என்று முர்பாட்டிலிருந்து போன் வந்தது, போனான்.

அடுத்த சனிக்கிழமை கலீலுல்லாவின் பட்டறைக்கு ஜீப்பைக் கொண்டுபோனான். அவனைப் பார்த்ததும், பழையபடி இறக்கிவிடவா தம்பி என்றுதான் அவர் கேட்டார். வேண்டாம் என்றான் சாஜன். கதவுக்குக் கீழே இரண்டு படியாக ஒரு படிக்கட்டு வேண்டும், உள்ளே பிடித்து ஏற ஒரு கம்பி வேண்டும், அம்மாவுக்கு என்றான். கலீலுல்லா ஒரு பெண் எவ்வளவு உயரத்துக்குக் காலைத் தூக்குவாள் என்று தன் முழங்காலுக்குக் கீழே கை வைத்துக் காட்டினார். இன்னும் கொஞ்சம் கீழே என்றான் சாஜன். அன்று சாயங்காலமே வெல்டிங் முடிந்தது. வழுக்காமல் இருக்கப் பழைய டயரிலிருந்து அறுத்த ரப்பரைப் படியில் ஒட்டிக் கொடுத்தார்.

அப்பாவின் வருஷப் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினார்கள். ரீனாவுக்குப் பரீட்சை ட்யூட்டி, வர முடியவில்லை. அம்மா படியைக் காலால் ஒரு முறை தட்டிப் பார்த்தாள், கம்பியைப் பிடித்து ஏறினாள், பின்சீட்டுக்குப் போகாமல் முன்சீட்டில் உட்கார்ந்தாள். டூல்ஸ் பையை சாஜன் பின்னால் தூக்கிப் போட்டான். மழை தூறிக்கொண்டிருந்தது. செம்பூர் நாக்கா சந்திப்பைத் தாண்டினார்கள். அந்தக் கேள்வி பல நாளாக அவனுக்குள் இருந்தது என்று சொல்ல முடியாது. அப்போதுதான் வந்தது.

"எம்மா, அப்பா கடைசியா என்னமும் சொன்னாவளா?"

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே யோசித்தாள்.

"கண்ணாடிய சாத்துட்டி, சாரல் அடிக்கின்னாவ."

"சாத்துனியாம்மா?"

"சாத்துனேன்."

சாஜன் தலையாட்டினான். முன்னால் ஒரு பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றது. அது நகரும் வரைக்கும் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தான்.